முகாமுக்கு வராதவர்களை எண்ணுகிற வேலை

கேள்வி இது: "அக்கா, நான் பேரையூர்ப் பக்கம். கண் பரிசோதனைப் படிப்பான ஆப்டோமெட்ரி முடித்துவிட்டு மதுரையில் ஒரு கண் மருத்துவமனையில் இரண்டு வருடமாகக் கண்ணாடிப் பவர் குறிக்கிற ரிஃப்ராக்‌ஷன் பார்க்கிறேன். பார்வையிழப்புத் தடுப்பு ஆராய்ச்சிக்குப் போக ஆசை. டாக்டர் இல்லாதவர்களுக்கு அதில் இடம் உண்டா? நாட்டில் பார்வையிழப்பு 1 சதவீதத்திலிருந்து 0.36 ஆகக் குறைந்துவிட்டதாமே, இனிமேல் அதில் ஆராய என்ன இருக்கு என்று வீட்டில் கேட்கிறார்கள்."

இடம் இருக்கிறது தம்பி, தாராளமாக இருக்கிறது. நானே டாக்டர் இல்லை. சமூகப்பணி படித்துவிட்டு 1998-ல் ஒரு பார்வையிழப்புக் கணக்கெடுப்பில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். மூன்று மாத வேலை, அதற்குள் ஒரு வரன் அமைந்துவிடும் என்றுதான் வீட்டில் அனுப்பினார்கள். வரனும் அமைந்தது, பிள்ளைகளும் படித்து முடித்துவிட்டார்கள், அந்த வேலைதான் இன்னும் முடியவில்லை.

0.36-க்கு அப்புறம் வருகிறேன். முதலில் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆராய்ச்சி என்றால் ஏசி அறையில் கணினி முன்னால் உட்கார்ந்து கட்டுரை எழுதுவது என்று நினைத்து வந்து, சித்திரை வெயிலில் இரண்டு ஊர் சுற்றியதும் காணாமல் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நீ இப்போது பார்ப்பது வந்தவர்களை. பஸ் ஏறி, டோக்கன் வாங்கி, உன் முன்னால் உட்கார்ந்து "இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா" என்று நீ கேட்டால் பதில் சொல்கிறவர்களை. ஒரு நாளைக்கு நூறு பேர் வந்தாலும் சரி, ஊரில் எத்தனை பேருக்குக் கண் தெரியவில்லை என்பது அந்த நூறு பேரை வைத்துத் தெரியாது. வராதவர்கள் எத்தனை பேர், ஏன் வரவில்லை, யார் போய்ச் சொன்னால் வருவார்கள், வந்து ஆபரேஷன் செய்துகொண்டு போனவருக்கு ஒரு வருடம் கழித்து நிஜமாகவே தெரிகிறதா, இதையெல்லாம் ஊருக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். நான் இத்தனை வருடமாகச் செய்தது அவ்வளவுதான். இலவசக் கண் முகாமுக்கு வராதவர்களைத் தேடிப் போய் எண்ணினேன்.

எப்படி எண்ணுவது என்று கேட்பாய். ஒரு மாவட்டத்துக்கு இப்போது உலகம் முழுக்கச் செய்கிற துரிதக் கணக்கெடுப்பு இப்படி: ஜனத்தொகைக்குத் தக்கபடி ஊர்களைக் குலுக்கலில் எடுப்போம், நமக்குப் பிடித்த ஊர், சொந்தக்காரர் இருக்கிற ஊர் எல்லாம் கூடாது. ஒவ்வொரு ஊரிலும் 50 வயது தாண்டியவர்கள் ஒரு ஐம்பது பேரை வரிசையாக வீடு வீடாகப் பார்ப்போம். ஏன் 50 வயது என்றால், பார்வை போனவர்களில் பெரும்பாலானவர்கள் அந்த வயதுக்கு மேல்தான் இருக்கிறார்கள், அதனால் சில ஆயிரம் பேரைப் பார்த்தாலே மாவட்டத்துக்கு ஒரு கணக்குச் சொல்லிவிடலாம், எல்லா வயதையும் பார்த்தால் பல மடங்கு பேரைப் பார்க்க வேண்டியிருக்கும். கையில் ஆங்கில E எழுத்தைப் பல திசையில் திருப்பிப் போட்ட அட்டை, டார்ச், கண்ணுக்குள் பார்க்கிற ஆஃப்தால்மோஸ்கோப், சின்னத் துளை போட்ட கண் மறைப்பான், 6 மீட்டர் கயிறு. கயிற்றின் ஒரு முனை நம் கையில், மறு முனை அந்தப் பெரியவர் கையில். 6/12 எழுத்து, அதாவது நல்ல கண்ணுக்கு 12 மீட்டரில் தெரிகிற எழுத்து, 6 மீட்டரில் தெரியவில்லை என்றால் துளை வழியாகப் பார்க்கச் சொல்வோம். துளையில் தெரிந்தால் கண்ணாடி போட்டால் சரியாகிற கோளாறு, இல்லையென்றால் கண்ணுக்குள் பார்த்துக் காரணம் எழுத வேண்டும். ஒருவருக்கு இரண்டு மூன்று காரணம் இருந்தால் எது சுலபமாகச் சரிசெய்யக் கூடியதோ அதைத்தான் முதல் காரணமாக எழுதுவது விதி. இது தெரியாமல் ஆரம்பத்தில் நான் எது பெரிய வியாதியாகத் தெரிகிறதோ அதை எழுதி வைத்து, கண் டாக்டர் அத்தனை தாள்களையும் சிவப்பு மையால் அடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

கேட்கச் சுலபமாக இருக்கிறதல்லவா. எழுமலையைத் தாண்டி ஒரு சின்ன ஊர், ஊர்ப்பெயர் வேண்டாம். ஒரு வீட்டில் மருமகள் மட்டும் இருந்தாள், நூறு நாள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வீட்டில் ஐம்பது வயதுக்கு மேல் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். "யாரும் இல்லக்கா." எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிட்டோம். ஆட்டுக் கொட்டடிப் பக்கம் இருமல் சத்தம். திரும்பிப் போய்ப் பார்த்தால் கயிற்றுக் கட்டிலில் ஒரு அப்பத்தா, எழுபதுக்கு மேல் இருக்கும், கட்டில் காலிலிருந்து கொட்டடித் தூணுக்கு ஒரு புடவைக் கிழிசலைக் கட்டி வைத்திருந்தார்கள், அதைப் பிடித்துக்கொண்டுதான் வெளிக்குப் போய்வருவாராம். இரண்டு கண்ணிலும் பால் மாதிரி முற்றின கண்புரை. மருமகளிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன். அவள் பொய் சொன்ன முகமாகவே இல்லை. "நீங்க கண்ணு பாக்கத்தான வந்தீக? அதுக்குத்தான் கண்ணே தெரியாதே, அதைக் கூப்பிட்டு என்னத்தப் பாக்கப் போறீக?" என்றாள்.

அன்றைக்கு ராத்திரி அதுவரைக்கும் முடித்திருந்த பதினோரு ஊர்த் தாள்களையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். "யாரும் இல்லை" என்று எத்தனை வீட்டில் எழுதியிருக்கிறோம், அதில் எத்தனை வீட்டில் கொட்டடி இருந்தது என்று யாருக்குத் தெரியும். கண் பார்க்க வந்திருக்கிறோம் என்று சொன்னதுதான் தப்பு. அடுத்த ஊரிலிருந்து "வீட்டில் மொத்தம் எத்தனை பேர், ராத்திரி யார் யார் இங்கே சாப்பிடுகிறார்கள்" என்று கேட்டுப் பட்டியல் போட்டுவிட்டு அப்புறம்தான் கண் பேச்சையே எடுத்தோம். முடித்த பதினோரு ஊருக்கும் மறுபடி போனோம். அந்தத் திட்டத்தின் மேலாளருக்கு வண்டி டீசல் கணக்கில் பெரிய வருத்தம், கடைசிவரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

இதே தப்பு எதிர்த்திசையிலும் நடக்கும். காலை பத்து மணிக்குப் போனால் நன்றாகக் கண் தெரிகிறவர்கள் எல்லாம் காட்டிலும் கரையிலும் இருப்பார்கள், திண்ணையில் உட்கார்ந்திருப்பது முடியாதவர்கள், அவர்களை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் ஊரில் பாதிப் பேர் பார்வையில்லாதவர்கள் என்று கணக்கு வரும். அதனால் ஐந்தரை மணிக்கே ஊரில் இருக்க வேண்டும், இல்லை சாயங்காலம் மறுபடி போக வேண்டும். அழகர் ஆற்றில் இறங்குகிற வாரத்தில் மதுரையைச் சுற்றி எந்த ஊருக்கும் கணக்கெடுக்கப் போகாதே, வீட்டில் நாய்தான் இருக்கும்.

அந்த அப்பத்தாவிடம் ஒப்புதல் வாங்கியதையும் சொல்ல வேண்டும். ஆய்வில் சேருகிறவருக்கு ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டிக் கையெழுத்தோ கைரேகையோ வாங்குவது கட்டாயம். கண் தெரியாத, எழுதப் படிக்கவும் தெரியாத ஒருவர் கட்டை விரலை நாம்தான் பிடித்து மைப் பெட்டியில் வைத்து, தாளில் சரியான இடத்தில் அழுத்துகிறோம். யாருடைய ஒப்புதல் அது? சாட்சிக் கையெழுத்து என்று ஒன்று உண்டு, சட்டப்படி எல்லாம் சரி. ஆனாலும் அவர், "இது எதுக்குத்தா, வீட்டை எழுதி வாங்குறீகளா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அதிலிருந்து நான் ரேகை வாங்குவதற்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களையே திருப்பிச் சொல்லச் சொல்வேன். சொல்லத் தெரியவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து. நேரம் இழுக்கும்தான்.

சரி, அவர் ஏன் முகாமுக்கு வரவில்லை? பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் இலவச முகாம் நடந்திருக்கிறது. ஆபரேஷன் இலவசம், லென்ஸ் இலவசம், பஸ், சாப்பாடு எல்லாம் இலவசம். 1999-ல் வெளிவந்த ஒரு ஆய்வு, லண்டன் ஆட்களும் மதுரை ஆட்களும் சேர்ந்து நம்மூர்க் கிராமங்களில் செய்தது, கண்ணில் குறை இருந்தவர்களில் சுமார் 7 சதவீதம் பேர்தான் முகாமுக்குப் போயிருந்தார்கள் என்று கண்டுபிடித்தது. ஊர் வாசலில் முகாம் போட்டும் நூற்றுக்கு ஏழு பேர். முகாமில் கூட்டம் அலைமோதுவதைப் பார்த்துப் பழகிய எல்லோருக்கும் அது முகத்தில் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது.

காரணம் பயம் என்று எல்லோரும் சொல்வார்கள், பயமும் உண்டு. ஆனால் உட்கார்ந்து பேசினால் வேறு கணக்கு வரும். கூட ஒரு ஆள் போக வேண்டும், அந்த ஆளுக்கு இரண்டு மூன்று நாள் கூலி போகும், ஆட்டை யார் மேய்ப்பது, வந்ததும் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, அடுப்புப் புகையில் உட்காரக் கூடாது, அப்படியானால் யார் சமைப்பது. இலவசம் என்று நாம் சொல்வது மருத்துவமனை வாசலுக்குள் மட்டும்தான் இலவசம். அப்புறம், "இந்த வயசுக்கு இது போதும்" என்பது. ஆம்பளை சொன்னால் மகன் அதட்டிக் கூட்டிப் போய்விடுவான், பொம்பளை சொன்னால் சரி என்று விட்டுவிடுவார்கள். பல நாடுகளில் எடுத்த கணக்குகளிலும் புரை அறுவை கிடைக்கப்பெற்றவர்களில் பெண்கள் பங்கு குறைவாகவே வந்துகொண்டிருக்கிறது, புரை பெண்களுக்குக் கூடுதலாக இருந்தும். மனம் மாற்றுவதற்கு நோட்டீஸை விட, அதே தெருவில் ஆபரேஷன் செய்துகொண்டு வந்த ஒரு ஆள் போய்ச் சொல்வதுதான் வேலை செய்யும்.

நம் அப்பத்தா கடைசியில் வந்தார். யாரும் பேசிக் கரைக்கவில்லை, பேத்தி கல்யாணம் நிச்சயமாயிருந்தது, அதைப் பார்க்க வேண்டும் என்று அவரே கிளம்பினார். ஒரு மாதம் கழித்துப் போனேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அடுப்படி வாசலில் உட்கார்ந்து மருமகள் கழுவி வைத்த பாத்திரத்தை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள் என்னைப் பார்த்த பார்வையை நான் எந்த அறிக்கையிலும் எழுதவில்லை.

அந்த 7 சதவீதத்துக்குப் பின்னால்தான் முகாம் மட்டும் போதாது, ஊருக்குப் பக்கத்திலேயே எப்போதும் திறந்திருக்கிற ஒரு இடம் வேண்டும் என்ற யோசனை வலுத்தது. அரவிந்த் கண் மருத்துவமனை 2004 வாக்கில் ஆரம்பித்த பார்வை மையங்கள் அப்படி வந்தவை. சின்னக் கட்டடம், பயிற்சி பெற்ற ஊர்ப்பெண்கள், கணினித் திரையில் டாக்டர். இப்போது நூறைத் தாண்டிவிட்டன. அந்த மருத்துவமனையின் கதை உனக்குத் தெரிந்திருக்கும், வடமலாபுரத்துக்காரரான டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தில் விரல் கோணியும் ஆபரேஷன் செய்யப் பழகிக்கொண்டவர், அரசு வேலையில் 58 வயதில் ஓய்வு பெற்று 1976-ல் 11 படுக்கையோடு ஆரம்பித்தது. அந்தக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். அங்கே நடந்த ஆராய்ச்சியைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை, அது எனக்குக் கொஞ்சம் குறை.

உதாரணத்துக்கு லென்ஸ். இன்றைக்குப் புரை ஆபரேஷன் என்றாலே லென்ஸ் வைப்பதுதான் என்று நினைக்கிறோம். 90-களின் ஆரம்பத்தில் ஏழைகளுக்குப் புரையை அப்படியே எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பதுதான் வழக்கம். கண்ணாடி உடைந்தால் கதை முடிந்தது. கணக்கெடுப்பில் இப்படி ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், ஆபரேஷன் ஆனவர், ஆனால் பார்வையில்லாதவர், கண்ணாடியைப் பேரன் மிதித்துவிட்டான், வேறு வாங்கவில்லை. ஆயிரக்கணக்கில் செய்கிற இடத்தில் லென்ஸ் வைத்தால் பாதுகாப்பாக இருக்குமா, செலவு தாங்குமா என்று பெரிய சண்டை நடந்தது. 3,400 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து மதுரையில் ஒரு ஆய்வு செய்தார்கள், முடிவுகள் 1998-ல் வந்தன, லென்ஸ் பாதுகாப்பானது, அன்றாட வேலைக்கும் அதுதான் நல்லது என்று தெரிந்தது. இன்னொரு பக்கம் 1992-லேயே ஆரோலேப் என்று அரவிந்தின் லென்ஸ் தொழிற்சாலையை ஆரம்பித்து லென்ஸை இங்கேயே செய்து விலையை இறக்கிவிட்டார்கள். விலையும் இறங்கி, பாதுகாப்புக்கு ஆதாரமும் கிடைத்த பிறகுதான் சோடாபுட்டி ஒழிந்தது.

வைட்டமின் ஏ கதை இன்னும் நல்லது. மாலைக்கண்ணுக்கு முருங்கைக்கீரை என்பது நம் பாட்டிகளுக்கே தெரியும். மதுரைக் குழு திருச்சி மாவட்டக் கிராமங்களில் 15,419 சின்னக் குழந்தைகளைப் பிரித்து, ஒரு பாதிக்கு வாரம் ஒரு தடவை சின்ன அளவு, 8,333 யூனிட், சாப்பாட்டிலேயே கிடைக்கக்கூடிய அளவுதான், ஊர்த் தொண்டர்கள் வீடு தேடிப் போய்க் கொடுத்தார்கள். ஒரு வருடம். 1990-ல் முடிவு வந்தபோது, வைட்டமின் பெற்ற குழந்தைகளில் இறப்பு 54 சதவீதம் குறைவு. கண்ணுக்கென்று ஆரம்பித்த வேலை உயிரையே காப்பாற்றியது. அதே குழு புதிதாகப் பிறந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2003-ல் வெளியிட்ட ஆய்விலும் ஆறு மாதத்துக்குள் இறப்பு 23 சதவீதம் குறைவு என்று வந்தது. ஆனால் பிறகு வேறு சில நாடுகளில் அதைச் செய்தபோது அந்தப் பலன் வரவில்லை, பிறந்த குழந்தைக்கு அதைக் கொடுக்கப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. இந்த இரண்டையும் சேர்த்தே படி. ஒரு ஊரில் கிடைத்த பலனை உலகத்துக்கே விதியாக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது 0.36. 2015 முதல் 2019 வரை எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் அப்படித்தான் வந்தது, குறைந்தது உண்மை, சந்தோஷம்தான். ஆனால் முன்னால் 6/60-க்குக் கீழே தெரிந்தால் பார்வையற்றவர் என்று எண்ணினோம், 2017-ல் உலக அளவுகோலோடு ஒத்துப் போக 3/60 என்று, அதாவது இன்னும் மோசமான பார்வை என்று, மாற்றினோம். கோட்டைத் தள்ளிப் போட்டுவிட்டால் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவர்கள் குறையத்தான் செய்வார்கள், பழைய 1 சதவீதத்தையும் புதிய 0.36-ஐயும் அருகருகே வைத்துப் பேசுவது சரியில்லை. வீட்டில் கேட்டால் இதைச் சொல். அப்புறம் அதே கணக்கெடுப்பில் 50 வயது தாண்டியவர்களின் பார்வையிழப்புக்குப் புரைதான் 66 சதவீதம் காரணம். இருபது நிமிடத்துக்குள் முடிகிற ஆபரேஷன் இருந்தும் மூன்றில் இரண்டு பங்கு அதனால்தான். இதில் ஆராய ஒன்றுமில்லை என்றால் எப்படி?

ஆபரேஷன் எண்ணிக்கையையும் இப்போது யாரும் அப்படியே ஏற்பதில்லை. ஒரு ஊரில் புரை அறுவை தேவைப்பட்டவர்கள் 100 பேர், செய்துகொண்டவர்கள் 80 பேர், ஆனால் அந்த 80-ல் நல்ல பார்வை வந்தவர்கள் 60 பேர் என்று வைத்துக்கொள், பழைய கணக்கில் 80, இப்போதைய கணக்கில் 60 தான். இந்த இரண்டாவது அளவை 2030-க்குள் 30 புள்ளி உயர்த்த வேண்டும் என்று 2021-ல் உலக நாடுகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. இருபது பேர் எங்கே போனார்கள் என்று கண்டுபிடிக்கிற வேலை உன்னைப் போல ரிஃப்ராக்‌ஷன் தெரிந்த ஆளுக்குத்தான் நன்றாக வரும். பாதிப் பேருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு கண்ணாடி கொடுத்திருந்தால் போதும் என்று இருக்கும்.

அளவுகோலைப் பற்றி எனக்கு நெடுநாள் மனத்தாங்கல் ஒன்று உண்டு. பார்வையற்றவர் என்பதை நல்ல கண்ணை வைத்துத்தான் முடிவு செய்கிறோம், கணக்கெடுப்பில் 50 வயதுக்கு மேல்தான் பார்க்கிறோம். நம்மூர்க் கருவிழிப் புண் இரண்டிலும் தப்பிவிடுகிறது. நெல் அறுக்கும்போது தாள் குத்தியது, கதிரடிக்கும்போது சுனை விழுந்தது, கரும்புத் தோகை கீறியது, யாரோ நாக்கால் தூசி எடுத்தார், யாரோ தாய்ப்பால் விட்டார், ஒரு வாரத்தில் பூஞ்சை பிடித்து வெள்ளையாகிவிடும், "பூ விழுந்திருச்சு" என்பார்கள். வயது 35. ஒரு கண் போச்சு, இன்னொன்று இருக்கிறது, அதனால் எந்தக் கணக்கிலும் இவர் இல்லை. 1994 ஜனவரியிலிருந்து மார்ச் வரை மதுரையில் ஒரே மருத்துவமனையில் 434 பேர் இந்தப் புண்ணோடு வந்தார்கள், மூன்று மாதத்தில். மூன்றில் இரண்டு பங்கு பேருக்குக் கண்ணில் ஏதோ ஒரு சின்ன அடி பட்டிருந்தது. அமெரிக்காவோடு ஒப்பிட்டால் மதுரை மாவட்டத்தில் இது பத்து மடங்கு என்று 1996-ல் ஒரு கட்டுரை வந்தது. நேபாளத்தில் பக்தபூர் கிராமங்களில் கீறல் பட்டவுடனே ஊர்த் தொண்டர் களிம்பு போட்டால் புண்ணாகாமல் தடுக்கலாம் என்று காட்டினார்கள், மதுரை மாவட்டக் கிராமங்களிலும் அதே வழியைச் செய்து பார்த்தார்கள், நடந்தது. ஒரு ட்யூப் களிம்பும், ஊருக்கு ஒரு பயிற்சி பெற்ற ஆளும். இன்றைக்கும் தை அறுப்பு சமயம் எத்தனை ஊரில் அந்த ஆள் இருக்கிறார் என்று போய்ப் பார், உனக்கு ஒரு ஆய்வுத் தலைப்பு தானாகவே கிடைக்கும்.

கிட்டத்தில் பார்க்க நாற்பதுக்கு மேல் போடுகிற வெள்ளெழுத்துக் கண்ணாடியும் அப்படித்தான், பார்வையிழப்புக் கணக்கில் அது வரவே வராது. திருப்பரங்குன்றம் பக்கம் பூக்கட்டுகிற அம்மாக்களைப் பார்த்திருப்பாய், நாற்பது தாண்டியதும் மொட்டுக்காம்பு தெரியாமல் தடவித் தடவிக் கட்டுவார்கள், கட்டும் முழம் குறையும், கூலி முழத்துக்குத்தான். 2018-ல் வெளிவந்த ஆய்வில் அசாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்தபோது பறிக்கிற இலை, கொடுக்காதவர்களைவிட ஏறக்குறைய 22 சதவீதம் கூடியது. பூக்கட்டுகிறவர்களை வைத்து நீ செய்யலாம். முழத்தை எண்ணத் தனியாக ஆள்கூட வேண்டாம், பூ மண்டிக்காரர் நோட்டில் இருக்கும்.

இனி உன் பாடு. படிப்பு என்றால் பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பு, எம்பிஹெச், அதற்கு எம்பிபிஎஸ் கட்டாயம் இல்லாத இடங்களும் உண்டு, இடத்துக்கு இடம் விதி மாறும், சேர்க்கை அறிவிப்பை நீயே படி. சென்னையில் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம், வேலூர் சிஎம்சி, திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம், இவை மூன்றையும் முதலில் பார். கண்ணுக்கென்றே வேண்டும் என்றால் லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீனில் ஒரு வருடப் படிப்பு இருக்கிறது, உதவித்தொகை இல்லாமல் போக நினைக்காதே, வீட்டை அடகு வைத்துப் படிக்கிற படிப்பு இல்லை இது. படிப்புக்கு முன்னால் ஒரு வருடமாவது களத்தில் இரு. புள்ளியியலைக் கண்டு பயப்படாதே. ஒரே தெருவில் ஐம்பது பேரைப் பார்ப்பதும் ஐம்பது ஊரில் ஒவ்வொருவரைப் பார்ப்பதும் ஒன்றல்ல, ஒரு தெருவில் எல்லோரும் ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி சாப்பாடு, ஒரே முகாமுக்குப் போனவர்கள் அல்லது போகாதவர்கள் என்பது உனக்குப் புரிந்தால் மாதிரி அளவு பாடத்தில் பாதி முடிந்தது. மீதியை எக்ஸெலும் ஆர் மென்பொருளும் பார்த்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் எழுதப் பழகு, அது தனி உழைப்பு, எனக்கு இன்றைக்கும் வேர்க்கிறது.

சம்பளம் மருத்துவமனையில் வாங்குவதைவிட ஆரம்பத்தில் குறையலாம். திட்டத்துக்குத் திட்டம் ஒப்பந்தம், இரண்டு வருடத்துக்குப் பணம் வரும், மூன்றாம் வருடம் யாரிடம் கேட்பது என்று தெரியாது. எனக்கு நடுவில் எட்டு மாதம் வேலை இல்லை, டியூஷன் எடுத்தேன். இன்னொன்று, பெயர். ஒரு ஆய்வுக்கு இரண்டு வருடம் ஊர் ஊராகச் சுற்றித் தரவு கொண்டுவந்தோம் நாங்கள் ஆறு பேர், கட்டுரை வந்தபோது எங்கள் பெயர் நன்றியுரையில்கூட இல்லை, "களக்குழுவினருக்கு நன்றி" என்று ஒரு வரி. யார் எழுதியது என்பதெல்லாம் இப்போது எதற்கு. அதிலிருந்து எந்த ஆய்வில் சேரும்போதும் கட்டுரையில் யார் பெயர் எந்த இடத்தில் வரும் என்று ஆரம்பத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுகிறேன். முகத்துக்கு நேரே கேட்கக் கூச்சமாக இருக்கும், கேட்டுவிடு.

செயற்கை நுண்ணறிவு வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுமா என்று இப்போதெல்லாம் எல்லோரும் கேட்கிறார்கள். சர்க்கரை நோயாளியின் விழித்திரைப் படத்தைப் பார்த்துக் கணினி சொல்வது பற்றி 2016-ல் வந்த கூகுள் ஆய்விலேயே மதுரைப் படங்களும் இருந்தன, நன்றாகத்தான் சொல்கிறது. ஆனால் படம் எடுக்க ஆள் கேமரா முன்னால் வந்து உட்கார வேண்டுமே.

வேலையை உடனே விட்டுவிடாதே. பேரையூர் டி. கல்லுப்பட்டிப் பக்கம் அடுத்த முகாம் எப்போது என்று கேட்டு, உன் வார விடுமுறையில் போ. முகாமில் நிற்காதே, அங்கே ஆள் இருப்பார்கள். அதே ஊரில் முகாம் நடக்கிற பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில் ஒரு இருபது வீட்டுக்குப் போய், ராத்திரி யார் யார் இங்கே சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுது. யார் முகாமுக்குப் போனார், யார் போகவில்லை, ஏன். எழுதியதை எனக்கு அனுப்பு, அப்புறம் பேசுவோம். அட்டை உன்னிடம் இருக்கும். கயிறு மட்டும் வாங்கிக்கொள், 6 மீட்டர், நைலான் வேண்டாம், இழுபட்டு இழுபட்டு ஒரு மாதத்தில் ஆறேகால் ஆகிவிடும்.